ஆறாவது துண்டு

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மூன்று பதினேழுக்கு என் திரையில் பதினோரு பச்சைப் புள்ளிகள் ஒரே நொடியில் அணைந்தன. மொத்தமே பதினாறுதான். ஒவ்வொரு புள்ளியும் மைசூரில் ஒரு தமிழ்க் குடும்பத்தின் வீடு. குவெம்புநகரில் நாலு, சரஸ்வதிபுரத்தில் மூன்று, மிச்சம் ஊர் முழுக்கச் சிதறிக் கிடப்பவை. இத்தனை பேட்டையில் ஒரே நொடியில் கரண்ட் போகாது.

என் பெயர் சுஷ்மா. இங்கே ஒரு பொறியியல் கல்லூரியில் பாடம் எடுத்துக்கொண்டே ஏழு வருஷமாக முனைவர் பட்டத்துக்கு மாரடிக்கிறவள். நடுவில் பெரிய சர்வர் எதுவும் இல்லாமல், கணினிகள் தங்களுக்குள்ளேயே பேசி, பொருளைப் பங்கு போட்டுக் காக்கும் வலைதான் என் துறை. அதில் தீராத தலைவலி ஒன்று உண்டு. ஆட்கள் சொல்லாமல் கொள்ளாமல் விலகிப் போவார்கள். இன்றைக்கு இருக்கும் கணினி நாளைக்கு இருக்காது. அதற்குக் கணக்குப் போட்டே பலர் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். நான் கணக்கை விட்டு மனுஷரைப் பிடித்தேன். முகம் தெரியாதவர்கள்தான் விலகுவார்கள், ஒருத்தர் வீட்டுக் கல்யாணத்தில் இன்னொருத்தர் பந்தி பரிமாறின ஜனங்கள் விலக மாட்டார்கள் என்பது என் வாதம்.

அப்பா ஜகதீசன் ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். கூட வேலை பார்த்தவர்கள், அவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பதினாறு குடும்பங்களை அவர்தான் பேசிச் சேர்த்தார். சோப்பு டப்பா அளவுப் பெட்டிகளை ஸ்கூட்டரில் கொண்டுபோய் அவரே மாட்டினார். வீட்டுக்காரர்களின் இணையத்தைத் தொட வேண்டாம் என்று ஒவ்வொரு பெட்டிக்கும் தனி சிம் போட்டிருந்தேன். மூன்று வருஷத்தில் ஒரு வீடுகூட விலகவில்லை. போன மாதம் ஒரு பேராசிரியர், இவ்வளவு சுத்தமாக எப்படி வருகிறது என்று கேட்டபோது எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் ஜனங்கள் அப்படித்தான் சார் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்த வலையில் ஒவ்வொரு குடும்பமும் தொலைக்கக் கூடாத ஒன்றைப் போட்டு வைத்திருந்தது. சுலோசனா அத்தை போட்டது அவள் ஒரே மகன் பிரசாந்தின் குரலை. அவன் தொழிற்சாலையில் ஷிஃப்ட் முடிந்து கிளம்பும்போதெல்லாம் அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்புவான். நாலு வருஷத்துக்கு முன் குண்டலுபேட்டை ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான். அவன் விட்டுப் போனது இருநூற்றுப் பதினாலு மெசேஜ். அத்தையின் போன் பேட்டரி உப்பிச் சாகக் கிடந்தபோது, போன் சாகும் அத்தை, எங்கள் வலை சாகாது என்று சொன்னவள் நான். அந்தப் போனும் அப்புறம் செத்துப்போனது. வருஷத்துக்கு ஒரு முறை, அவன் திதியன்று, என் லேப்டாப்பில் துண்டுகளைச் சேர்த்துப் போட்டுக் காட்டுவேன். மற்ற நாளில் கேட்டால் தாங்காது என்பாள். பிறர் பொருளின் நகலை வைத்துக்கொள்ள மாட்டேன் என்று கல்லூரிப் படிவத்தில் கையெழுத்துப் போட்டிருந்ததால், கேட்டு முடித்ததும் அழித்துவிடுவேன்.

ஒரு பொருளைப் பதினாறு துண்டாக்கி, பதினாறு பெட்டியில் வைத்திருந்தேன். எந்த ஆறு சேர்ந்தாலும் முழுசும் திரும்ப வரும். ஐந்து சேர்ந்தால் ஒன்றுமே வராது. இப்போது எரிந்துகொண்டிருந்த பச்சை ஐந்து. வரும் திங்கள் பிரசாந்தின் திதி.

குவெம்புநகர் கௌரிசங்கர் மாமாவுக்குப் போன் போட்டேன். "பெட்டியா? ஜோரா ஓடறதேம்மா" என்றார். நேரில் போனேன். மாமா வீட்டில் இல்லை. வாசல் பெருக்கிக்கொண்டிருந்த மல்லம்மா, அந்த டப்பாவை உங்கள் அப்பாதானே எடுத்துக்கொண்டு போனார், ரெண்டரை வருஷம் ஆகிறதே என்று கன்னடத்தில் வெகுளியாகச் சொன்னாள்.

அப்பாவுக்குப் போன் அடித்தேன். மண்டி மொஹல்லாவில் இருக்கிறேன், வா என்று வழியை மட்டும் சொன்னார். பருப்புக் கடை மேலே ஒரு சின்ன அறை. ஏறும்போதே பிளாஸ்டிக் கருகின வாடை அடித்தது. இரும்பு அலமாரியில் வரிசையாகப் பதினோரு பெட்டிகள். ஒவ்வொன்றின் கீழும் எந்த வீடு என்று அப்பாவின் குண்டு குண்டான எழுத்தில் சீட்டு ஒட்டியிருந்தது. தெருவில் ஏதோ வேலை செய்தபோது கரண்ட் எக்கச்சக்கமாக வந்து, இன்வெர்ட்டரோடு பதினொன்றையும் பொசுக்கிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். என் அப்பா பதினொன்றை மறைத்திருந்தார்.

"எல்லாரும் ஒத்துண்டுதான் வாங்கினாங்க" என்றார் அப்பா. "ரெண்டு மூணு மாசத்துல ஒவ்வொருத்தரா கூப்பிட்டாங்க. ஒரு வீட்டுல லைட் மினுக்குறதாம், தூக்கம் வரலையாம். ஒரு வீட்டுல மருமகளுக்கு பயம், யாரோ நோட்டம் பாக்கறாங்கன்னு. அத்தனை பேரும் ஒரே மாதிரி சொன்னாங்க, சுஷ்மாகிட்ட சொல்லாதீங்க, பாவம், மனசு சங்கடப்படும்னு."

நம்மவர்களுக்கு முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. சொல்லாமல் இருப்பதைத்தான் மரியாதை என்று நினைக்கிறோம். அதை நான் மூன்று வருஷமாக நம்பிக்கை என்று பெயர் வைத்து அத்தியாயம் அத்தியாயமாக எழுதியிருக்கிறேன்.

"ஏன்ப்பா என்கிட்ட சொல்லல?" என்று கத்தினேன்.

"சிக்னல் விளக்கு அணைஞ்சா, சரி பண்ற வரைக்கும் ஒரு ஆள் நின்னு கைவிளக்கு காட்டணும். வண்டி நிக்கக் கூடாது. அப்படித்தான் நெனச்சேன். சொல்லலாம்னுதான் இருந்தேன் சுஷ்மா. நீ மொதல் வருஷம் காலேஜ் மீட்டிங் போய்ட்டு வந்து, ஒருத்தர்கூட விலகலப்பான்னு சிரிச்சே. அப்புறம் வாய் வரல."

அவருக்குத் தெரியாத ஒன்று உண்டு. ஒரு பெட்டி போய்விட்டால், மிச்சமிருக்கும் பெட்டிகள் தாமாகவே புதுத் துண்டு செய்து தங்களுக்குள் வைத்துக்கொள்ளும்படி நான் எழுதியிருந்தேன். ரெண்டு வருஷ உழைப்பு அது. பதினொன்றும் ஒவ்வொன்றாகப் போயிருந்தால் அதுவே குரலைக் காப்பாற்றியிருக்கும். ஒரு தடவைகூட அது வேலை செய்யவில்லை, ஏனென்றால் யாருமே போகவில்லை என்று அப்பாவின் கைவிளக்குகள் சொல்லிக்கொண்டே இருந்தன. இதை அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். கருகின பெட்டியைத் தோள் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். விட்டுவிட்டேன்.

"அஞ்சு இருக்கில்ல?" என்றார் திடீரென்று. "இன்னும் ஒண்ணுதானே வேணும். உன் கம்ப்யூட்டர்ல ஒரு துண்டு இருக்குமே."

"இல்லப்பா. ஆராய்ச்சி பண்றவ அதுல கலந்துக்கக் கூடாதுன்னு நான் வெச்சுக்கல."

"பதினாறு வீட்டுல கேட்டு வெச்சோம். நம்ம வீட்டுல வெக்கலையா?"

அவர் குத்திக் காட்டவில்லை, தெரியாமல்தான் கேட்டார். எனக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. ஊருக்கு உபதேசம் என்பார்களே, அது நான்தான்.

பதினொன்றில் ஒன்று பிழைத்தால் போதும். ரிப்பேர் கடை நஞ்சுண்டசாமியிடம் எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொட்டினேன். புதன் மூன்று பார்த்தார், வியாழன் நாலு. வெள்ளிக்கிழமை நான் கடை வாசலிலேயே நின்றேன். சனிக்கிழமை மத்தியானம் கடைசிப் பெட்டியின் மெமரி கார்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, கையை விரித்தார். அன்றைக்கே ஆய்வேட்டைத் திறந்து, பதினாறில் பதினோரு வீடுகள் எட்டு மாதத்துக்குள் விலகின என்று எழுதினேன். பட்டம் என்ன ஆகும் என்று பயம் வரவில்லை. அத்தையின் வீட்டுப் படி ஏறுவதை நினைத்தால்தான் வந்தது.

ஞாயிறு காலை போனேன். அத்தையின் பெட்டி கடிகாரத்துக்குப் பக்கத்தில், தூசி இல்லாமல், பச்சை விளக்கோடு இருந்தது. "ஒரு நாளும் அணைக்கலை கண்ணு" என்றாள். அத்தை கொள்ளேகால்காரி, அந்தப் பேச்சு அவளை விட்டுப் போகவே இல்லை. "கரண்டு போனா நிக்கக் கூடாதுன்னு தனியா பேட்டரி வாங்கி வெச்சிருக்கறேன்."

எதையும் மறைக்காமல் சொன்னேன்.

"என்றகிட்ட ஒரு துண்டு இருக்குதுல்ல? அதை மட்டும் போடு, கேட்டுக்கறேன்."

"அது குரல் இல்ல அத்தை. வெறும் நம்பர்தான்."

"அஞ்சையும் சேர்த்தா ஒரு வார்த்தையாச்சும் வராதா?"

"வராது அத்தை."

"ஒண்ணே ஒண்ணு. அது யாருகிட்ட இருந்திருக்கோணும்?"

பதினோரு பேரைச் சொல்லியிருக்கலாம். அப்பாவைச் சொல்லியிருக்கலாம். "என்கிட்ட" என்றேன். "எங்க வீட்டுல ஒண்ணு வெச்சிருந்தா போதும். நான் வெக்கலை." சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அத்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. என் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"சரி, போகுது. மூணு திதிக்கு நீயும் என்றகூட உக்காந்து அத்தனையும் கேட்டியே கண்ணு. எனக்கு அழுகையில பாதி காதுல ஏறலை. நீ படிச்சவ, நல்லா ஞாபகம் இருக்கும். என்னென்ன சொன்னான், ஒவ்வொண்ணா சொல்லு."

மூன்று திதியிலும் நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் கண் திரையில் இருந்தது. துண்டுகள் எத்தனை நொடியில் சேர்கின்றன, எந்தப் பெட்டி முந்துகிறது என்று குறித்துக்கொண்டிருந்தேன்.

அத்தை காத்துக்கொண்டிருந்தாள்.

"'அம்மா, கிளம்பிட்டேன், சோறு போட்டு வை'ன்னான்" என்றேன்.

"ஆமா, சொல்லுவான்" என்றாள் அத்தை. "அப்புறம்?"

அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.