மருந்து கலக்கியவள்

குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் சுருளியம்மாள் பதினோரு வருஷம் பூச்சி மருந்து கலக்கினாள். பீப்பாய்த் தண்ணீரில் பவுடரைக் கொட்டிக் கையாலேயே கலக்குவாள். ஆண்கள் அதைத் தெளிப்பானில் ஊற்றிச் செடிகளுக்கு அடிப்பார்கள். எண்பத்து மூன்றாம் வருஷம் சித்திரையில் குளிக்கும்போது, இடது மார்பில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. வலியில்லை என்பதால் ஆறு மாதம் யாரிடமும் சொல்லவில்லை.

மதுரை ஆஸ்பத்திரியில் புற்றுநோய் என்று சொல்லி மார்பையே எடுத்துவிட்டார்கள். தையல் பிரித்த அன்று டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தாள். குடும்பத்தில் யாருக்காவது இந்த நோய் உண்டா? இல்லை. பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தாளா? மூன்று பேருக்கும் கொடுத்தாள். என்ன வேலை? சொன்னாள். டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினாள்.

“பொம்பளைங்க வயசுக்கு வர்றதும் பால் சுரக்கிறதும் ஹார்மோனாலதான். சில பூச்சி மருந்து ஒடம்புக்குள்ள போயி அது மாதிரியே வேஷம் போடுதுன்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. அதனால கட்டி வருமான்னு இன்னும் உறுதியாத் தெரியாதும்மா.”

போடி பஸ்சில் வழி நெடுக அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். ராக்குவும் அவளோடு சேர்ந்து கலக்கியவள்தான், திடமாக இருக்கிறாள். தோட்டத்துப் பக்கமே வராத கணக்குப்பிள்ளை மனைவிக்கோ இதே நோய் வந்தது. எதை எதோடு சேர்ப்பது?

வீட்டில் புருஷன் காசிமாயன் ஒரு சேதி வைத்திருந்தான். அவள் பார்த்த வேலைக்குப் பதினாறு வயது மகள் பொன்னுமணியைக் கேட்டிருக்கிறாராம் கங்காணி.

“அவ வேணாம்” என்றாள்.

“மருந்துதான் காரணம்னு டாக்டரு சொன்னாகளா?”

“சொல்லல. இல்லைன்னும் சொல்லல.”

“அப்ப நீ என்னதான் சொல்ற?”

“எனக்கும் வெளங்கலய்யா. வெளங்குற வரைக்கும் எம்மக அதுல கை வைக்க வேணாம்.”

கங்காணியிடம் அவளே போய்ச் சொன்னாள். அவர் கோபப்படவில்லை. காய் எடுக்க வரட்டும் என்றார்.

திங்கட்கிழமை மகளோடு மலையேறினாள். சரிவில் பெண்கள் செடிகளுக்கு அடியில் குனிந்து காய் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முந்தின நாள் அடித்த மருந்தின் வாடை இன்னும் அடங்கவில்லை. இலைகளில் வெள்ளை படிந்திருந்தது. பொன்னுமணி கூடையோடு உள்ளே நுழைந்தாள். அவளைக் கூப்பிட்டுத் திரும்ப வரச் சொல்லலாமா என்று சுருளியம்மாள் தவித்தாள். வந்து வேறெங்கே போவாள்?

பின்னாலேயே போய், தன் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, மகளின் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினாள்.

“எதுக்கும்மா?”

“தெரியல. கட்டிக்கிட்டே எடு.”