மூக்கில் எழுதிய எண்

அருங்காட்சியகத்துப் பட்டறையில், விமானத்தின் வால் பக்கம் தங்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்த இடத்தில், ஐந்தாவது அடுக்கு பெயிண்டுக்குக் கீழே ஒரு எட்டு தலைகாட்டியது. பிறகு ஒரு மூன்று. சாப்பாட்டு நேரத்துக்குள் ஆறு இலக்கங்களும் வந்துவிட்டன. எல்லோரும் கூடிய பிறகு, ஆவண அறையிலிருந்து கடைசியாக வந்தவள் அக்காதான்.

ஆறு வருஷமாக அவள் தேடிய எண் அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் வேண்டாத சரக்கென்று ஏலத்தில் போன குண்டுவீச்சு விமானம், முப்பது வருஷம் ஒரு பெட்ரோல் பங்க் வாசலில் விளம்பரத்துக்கு நின்றுவிட்டு, எண் தகடுகூட இல்லாமல் இங்கே வந்திருந்தது. அது எந்த விமானம், யார் ஓட்டியது என்று கேட்டு அக்கா கடிதம் எழுதாத ஊர் இல்லை. மங்கிய ஏலப் பட்டியல்களைப் படித்தே மூக்குக்கண்ணாடியின் பவர் இரண்டு முறை ஏறியது. பெயிண்ட் வேலைக்குத் தங்கையைச் சேர்த்துவிட்டதும் அவளேதான். சேர்ந்து ஒன்பதே நாள்.

சின்ன வயதிலும் இப்படித்தான். தொலைந்த பொருளை அக்கா வீட்டையே புரட்டித் தேடுவாள். கடைசியில் தங்கை அதன் மேல்தான் உட்கார்ந்திருப்பாள். அம்மா போனில், சின்னவளுக்கு எப்பவும் கைராசி என்றாள். பிறகு பெரியவளிடம் கேட்டாள்: "நீ இத்தனை நாள் அதைச் சொரண்டிப் பாக்கலியாடி?"

எண் கிடைத்ததும் மற்றதெல்லாம் மளமளவென்று கிடைத்தது. விமானியின் பெயர் தெரிந்தது. எண்பது வயதாகும் அவருடைய மகள், அப்பா உட்கார்ந்த இருக்கையைத் தொட்டுப் பார்க்க வெள்ளிக்கிழமை வருவதாக எழுதியிருந்தாள்.

புதன்கிழமை எல்லோரும் டீ குடிக்கப் போனபோது அக்கா டார்ச்சோடு விமானத்துக்குள் ஏறினாள். அந்த எண் தப்பாக இருக்கக் கூடாதா என்ற ஆசைதான். இறக்கைக்குப் பின்னால் போட்டிருந்த தடுப்புப் பலகையைக் கழற்றினாள். முன்பாதியின் உட்புறம் பச்சை, பின்பாதி மஞ்சள். ஒன்றோடொன்று பொருந்தாத ரிவெட் ஆணி வரிசைகளை இரும்புப் பட்டை வைத்து இழுத்துப் பிடித்திருந்தார்கள். ஏதோ காயலான் கடைக்காரன் உடைந்த இரண்டை ஒட்டி ஒன்றாக்கி விற்றிருக்கிறான். தங்கையின் எண் வாலுக்கு மட்டும்தான் சொந்தம். முன்பாதியில் இருக்கும் அந்த இருக்கை வேறு யாருடையதோ.

ஆறு வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை. இப்போதே சொன்னால் தங்கை சிரித்துவிட்டுப் போய்விடுவாள். வெள்ளிக்கிழமை, அந்த மகளைப் படமெடுக்க வரும் பத்திரிகைக்காரர்கள் முன்னால் சொன்னால்? இருக்கையைத் தடவும் ஒரு கிழட்டுக் கை மனதில் வந்தது. அதை ஓரமாகத் தள்ளினாள். அது போகவில்லை.

வெளியே தங்கை ஏணியில் நின்று விமானத்தின் மூக்கில் எண்ணை எழுதத் தொடங்கியிருந்தாள். ஏணியைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டாள். அக்கா பிடித்துக்கொண்டாள்.

"விமானத்துக்கு முன்னால வைக்கிற அறிவிப்புப் பலகையில உன் பேரைத்தான் முதல்ல போடச் சொல்லியிருக்கேன்க்கா. நான் சும்மா சொரண்டினேன், அவ்ளோதான்."

அதற்கும் அக்காவுக்கு வயிறு எரிந்தது. பெருந்தன்மையையும் இவளே எடுத்துக்கொண்டாளே.

"நேரா இருக்கா, பாரு."

அக்கா வாயைத் திறந்தாள்.

"நேராத்தான் இருக்கு" என்றாள்.

கடைசி இலக்கத்திலிருந்து ஒரு கறுப்புச் சொட்டு வழிந்தது. தங்கை அதைக் கட்டைவிரலால் வழித்துவிட்டு, ஈரம் காயாத அந்தக் கையை அக்காவின் தோளில் ஊன்றி, ஒவ்வொரு படியாக இறங்கினாள்.