பார்த்துப் பார்த்து வளர்த்தது

அண்ணனின் கண்ணுக்காக வளர்த்த செல்களுக்கு அதற்குள் கிழடு தட்டிவிட்டது. மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, நம்பாமல் இன்னொரு தடவை குனிந்து பார்த்தேன். சின்னதாய், நெருக்கியடித்து நிற்க வேண்டியவை அகலமாய்ப் பரந்து, பெருகுவதையே நிறுத்திவிட்டுச் சோம்பிக் கிடந்தன.

வேலையிடத்தில் ஆசிட் தெறித்து அண்ணனுக்கு ஒரு கண் வெந்துபோனது. நல்ல கண்ணின் ஓரத்தில் துளியூண்டு சதை கிள்ளி, அதிலுள்ள ஸ்டெம் செல்களை எங்கள் லேபில் வளர்த்து, வெந்த கண்ணில் ஒட்ட வேண்டும். "இன்னொரு தடவை கிள்ளினா இருக்கிற கண்ணுக்கும் ஆபத்து. என்னைக் கேக்காதீங்க" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். இரண்டு தட்டுகளாகப் பிரித்து, மேலும் கீழுமாக இருக்கும் இரண்டு இன்குபேட்டர் பெட்டிகளில் வைத்திருந்தோம். இனி மிச்சம் கீழ்ப்பெட்டியில் இருக்கும் தட்டு மட்டும்தான்.

கிழடு தட்டிய தட்டு இருந்த மேல்பெட்டி அண்ணியின் பொறுப்பு. அண்ணனின் மனைவிதான் என்னோடு அதே லேபில் வேலை செய்கிறார். கை அவ்வளவு சுத்தம்.

"என்ன பண்ணீங்க அண்ணி?"

"ஒண்ணும் பண்ணலம்மா. பார்த்துப் பார்த்துத்தான் வளர்த்தேன்."

எனக்குச் சுருக்கென்றது. "எப்படிப் பார்த்தீங்க?"

"கதவைத் திறந்துதான். வரும்போது, போகும்போது... மனசு கேக்கல."

உடம்புக்குள் இந்தச் செல்கள் இருக்கும் இடத்தில் ஆக்ஸிஜன் குறைவு. அதனால்தான் பெட்டிக்குள்ளும் குறைத்து வைக்கிறோம். திறந்தபோதெல்லாம் அறைக்காற்று உள்ளே பாய்ந்திருக்கிறது. நமக்கு மூச்சு, அவற்றுக்கு முதுமை.

"தூங்குற குழந்தையைத் தட்டி எழுப்பி, தூங்குதான்னு பார்த்த கதையா இருக்கு! கீழ்ப்பெட்டி?"

"அதைத் தொடவே இல்ல. உன்னோடதாச்சே."

"செல் பெருக வியாழக்கிழமை ஆகும். அதுவரைக்கும் யாரும் திறக்கக் கூடாது!" என்று கத்தினேன்.

புதன்கிழமை மத்தியானம் டாக்டரின் போன் வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"ஆபரேஷன் நாளைக்கு. செல் இளசா இருக்கான்னு இப்பவே பார்த்துச் சொல்லுங்க. இல்லன்னா தியேட்டரை வேற ஆளுக்குக் கொடுத்துடுவேன்."

ஒரே ஒரு தடவைதானே என்று என் கை கீழ்ப்பெட்டியின் கைப்பிடிக்குப் போனது.

பட்டென்று அடி விழுந்தது. "கையை எடு!"

அண்ணி அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நாளைக்குத்தான் சொல்லுவோம் டாக்டர்."

"தேதி போயிடும்மா. அடுத்தது எப்பன்னு என்னால சொல்ல முடியாது."

"போனாப் போகட்டும். கண்ணு இருக்கட்டும்."

போன் வைக்கப்பட்டது. தேதியும் போனது. அன்று முழுக்கத் தப்பு பண்ணிவிட்டோமோ என்ற பயம் என்னைப் பிடுங்கித் தின்றது.

வியாழக்கிழமை காலை தட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்தேன். குண்டூசி வைக்க இடமில்லாமல் அத்தனையும் இளசு.

"அண்ணி, பெருகியிருக்கு!"

அவருக்குக் கண்ணீர் தாரைதாரையாக வழிந்தது. அதைத் துடைக்கக்கூட இல்லை.

"அப்புறம் என்ன, வாயைப் பார்த்துக்கிட்டு நிக்கிறே? அடுத்த தேதி வரைக்கும் உள்ள வச்சுக் கதவை மூடு!"