வாறுகாலுக்காகத் தூக்கிய கை

1983ஆம் வருஷம் ஐப்பசியில், ராஜபாளையத்தில் மில்லுக்குத் தெற்கே இருந்த ஒரு தெருவில், வாறுகால் வெட்டித் தரச் சொல்லிக் கை தூக்கிய பதினேழு பேரின் கைகளும் அதன்பிறகு இறங்கவில்லை. அந்தத் தெருவில் கழிவுநீர் போக அப்படியொரு வாய்க்கால் கிடையாது. அடைமழை என்றால் சாக்கடை வீட்டுக்குள் வந்து அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போகும். கூட்டத்தில் யார் கை தூக்குகிறார்களோ அவர்களே மனுவைச் சுமந்துகொண்டு அலைய வேண்டும் என்பது தெரு வழக்கம். அதனால் நூறு பேர் வந்தும் தூக்கியது பதினேழு பேர்தான். வைத்தியர் நரம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, கையில் கோளாறு எதுவுமில்லை, வாறுகால் வந்தால் சரியாகிவிடும் என்று சொல்லி அனுப்பினார்.

அந்தப் பதினேழில் சுடலையம்மாளும் ஒருத்தி. மில்லில் ரீலிங் மெஷினில் வேலை பார்த்தவள். அறுந்த இழைக்கு அவள் முடிச்சுப் போடுவதை மேஸ்திரியே நின்று பார்ப்பார். முடிச்சுக்கு இரண்டு கை வேண்டுமே! வலது கை மேலேயே நின்றுவிட்டதால் அவளைப் பெருக்கும் வேலைக்கு மாற்றினார்கள். கை இறங்கினால் மெஷின் உனக்குத்தான் என்று மேஸ்திரி சொல்லியிருந்தார். பெருக்குமாறோடு அந்த மெஷினைக் கடக்கும்போதெல்லாம் இழை ஏதும் அறுந்து கிடக்கிறதா என்று பார்ப்பாள். மாதம் ஒருமுறை மனுவோடு திருவில்லிபுத்தூர் சர்க்கார் ஆபீசுக்குப் போவாள். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொள்ள மட்டும் அந்தக் கை வசதியாக இருந்தது. ஆபீசில் அவளைப் பார்த்ததுமே பியூன், "கையை எறக்கும்மா, மொறை வந்தா கூப்பிடுவாக" என்பான்.

மூன்றாம் வருஷம் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்த குருசாமி, தூக்கியவர்களில் மூத்தவர், "நமக்கென்ன வந்துச்சு, எப்படியும் போகட்டும்" என்று சலித்துக்கொண்டார். சொல்லி வாய் மூடுவதற்குள் கை தானாக இறங்கி டீ கிளாஸை எடுத்தது. விஷயம் அன்றைக்கே தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஒருவர் மகள் கல்யாணத்துக்கு முந்தின நாள் அதே வார்த்தையைச் சொன்னார், இன்னொருவர் நாற்று நடவுக்காகச் சொன்னார். யாரையும் குறை சொல்வதற்கில்லை, அவரவருக்குத் தலைக்கு மேல் ஜோலி. 1989இல் சுடலையம்மாளின் கை மட்டும்தான் மேலே இருந்தது.

"ஏட்டி, ஒரு வார்த்தைதான? சொல்லித் தொலையேன். மெஷினாவது கெடைக்கும்லா" என்று அவள் புருஷன் சமுத்திரம் கெஞ்சினான்.

"சொல்லிப் பாத்துட்டேன். மனசுல ஒட்ட மாட்டேங்கு" என்றாள்.

1991இல் ஒருநாள் ஆபீசில் புது கிளார்க் உட்கார்ந்திருந்தார். அவர் பீரோவைத் துழாவிவிட்டு, "எந்தத் தெரும்மா? எந்த வாறுகால்?" என்று கேட்டார். எட்டு வருஷத்து மனுவில் ஒரு தாள்கூட அங்கே இல்லை. புதுசாக எழுதிக்கொண்டு வரச் சொன்னார். சுடலையம்மாளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. திரும்பும்போது வன்னியம்பட்டி விலக்கில் பஸ் நின்றது. சீட்டில் இருந்த அவள் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை, கை தானாகக் கம்பியை விட்டு இறங்கி மடியில் கிடந்தது. அழுகைகூட வரவில்லை, அலுப்பாக இருந்தது. மறுநாளே மெஷினைக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் முடிச்சு பழையபடி விழுந்தது.

1994இல் ஓர் அதிகாரி ஜீப்பில் அவராகவே வந்தார். வாறுகாலுக்கு உத்தரவாகிவிட்டதாம். வாசல்படிகளை இடிக்க வேண்டியிருப்பதால் தெருவின் சம்மதம் வேண்டுமாம். "கை தூக்குங்க. ஒரு கை இருந்தாலும் போதும், நான் எழுதிக்கிடுதேன்" என்றார். கூடியிருந்த நூறு பேரும் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து அழுத்திக்கொண்டார்கள். குருசாமி தொடைக்கு அடியில் செருகிய கையை எடுக்காமலே, "சுடலையம்மா தூக்கும்யா" என்றார்.

அவளும் தூக்கத்தான் நினைத்தாள். எட்டு வருஷமாக அவள் அலைந்து கேட்டது வாசலுக்கே வந்து நிற்கிறது. மனசார நினைத்தாள், பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள். கை மடியிலேயே கிடந்தது. இடது கையையும் தூக்கப் பார்த்தாள், அதுவும் அசையவில்லை.

"எனக்குச் சம்மதம்யா" என்றாள்.

"வாயால சொன்னா எழுத முடியாதும்மா" என்று அதிகாரி பேனாவைத் திறந்தார். பிறகு பூஜ்யம் என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

அந்த ஐப்பசியிலும் தண்ணீர் வீட்டுக்குள் வந்தது. சுடலையம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு குத்துச்சட்டியால் இறைத்து ஊற்றினாள். இரண்டு கையும் இருந்ததால் வேலை சீக்கிரம் முடிந்தது.