மூன்று பொத்தைக்கு ஒரு துப்பாக்கி

கீழப்பாறைக்குளத்துக்கு மேற்கே நிற்கும் பாறைக் குன்றுகளான மூன்று பொத்தைகளும் தினம் காலை எட்டரை மணிக்கு எழுந்து ஊருக்குள் வரும். சுட்டுத்தான் அவற்றைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

முதலில் சின்னப்பொத்தை, அடுத்து நடுப்பொத்தை, கடைசியில் பெரியபொத்தை. இந்த வரிசை மாறியதே கிடையாது. அவை எதற்கு வருகின்றன என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. வருவது மலைகளின் வழக்கம், அனுப்புவது பேரூராட்சியின் வேலை. அதற்காகத் தெற்குத்தெரு முனையில் ஒரு மேடை கட்டி, மலைக்காவலர் என்று ஓர் ஆளையும் போட்டிருந்தார்கள். பொத்தைக்கு இரண்டு வெடி. முதல் வெடிக்கு நிற்கும், இரண்டாவது வெடிக்குத் திரும்பும். இரண்டுக்கும் நடுவே ரொம்ப இடைவெளி விட்டால், நின்றதை மறந்துவிட்டு மறுபடியும் நடக்க ஆரம்பித்துவிடும்.

ரைபிளால் சுடக் கூடாது. ரைபிள் தோட்டா வேகமாகப் போய்த் துளைத்துவிடும். மலைக்கு வலிக்குமே தவிர விஷயம் புரியாது. கைத்துப்பாக்கித் தோட்டா நிதானமாகப் போய்ப் படும். ஆனால் கைத்துப்பாக்கியை ஒற்றைக் கையால் நீட்டுவதை மலைகள் மரியாதையாக எடுத்துக்கொள்வதில்லை. ஆகவே கைத்துப்பாக்கித் தோட்டாவைத் தோளில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துச் சுடுகிற கார்பைன்தான் சரி.

தோட்டாவிலும் ஒழுங்கு உண்டு. சின்னப்பொத்தைக்கு ஒன்பது மில்லி. நடுப்பொத்தைக்கு நாற்பது, அதாவது அங்குலத்தில் நூற்றில் நாற்பது பங்கு. பெரியபொத்தைக்கு நாற்பத்தைந்து. மேடையில் மூன்று கார்பைன்கள் சாத்தியிருக்கும். காவலர் ஒன்றை வைத்துவிட்டு இன்னொன்றை எடுக்க வேண்டும்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காவலர் திருமலைக்கொழுந்து தப்பான கார்பைனை எடுத்துவிட்டார். பெரியபொத்தை நெற்றியில் ஒன்பது மில்லி பட்டது. அது கொசு கடித்தது போல ஒரு பாறையை அசைத்துவிட்டு, நேரே நடந்து வந்து சொரிமுத்துவின் பட்டறை மேல் உட்கார்ந்தது. நான்கு நாள் கழித்து எழுந்து போனபோது அவருடைய லேத் மிஷின் அப்பளம் மாதிரி இருந்தது.

சொரிமுத்து நாலாம் வகுப்போடு நின்றவர். ஆனால் இருபத்தாறு வருஷம் ஆயுதப்படையில் துப்பாக்கி பழுது பார்த்தவர். ஓய்வுப் பணத்தில் வாங்கிய லேத் அது. அதைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கொழுந்திடம் நியாயம் கேட்கப் போனார்.

"மலை வாற பாதையில எவன்வே பட்டறை போடச் சொன்னான்?" என்றார் கொழுந்து.

அன்றோடு சொரிமுத்து அவரிடம் பேச்சை நிறுத்தினார்.

இப்போது பேரூராட்சி ஒரு தீர்மானம் போட்டிருந்தது. கொழுந்துக்கும் வயதாகிவிட்டது, துப்பாக்கி மாற்றத் தாமதமாகிறது, பொத்தைகள் வரவர ரொம்பப் பக்கத்தில் வந்துதான் நிற்கின்றன. வெள்ளிக்கிழமைக்குள் மூன்று தோட்டாவையும் சுடுகிற ஒரே கார்பைன் கிடைக்க வேண்டும். கிடைக்காவிட்டால் தெற்குத்தெருவைப் பொத்தைகளுக்கே எழுதிக் கொடுத்துவிடுவது.

தெற்குத்தெருவில் நாற்பத்திரண்டு வீடு. ஏழாவது வீடு சொரிமுத்துவினுடையது.

செயல் அலுவலர் ஜெசிந்தா மேடம், அந்தக் கார்பைனைச் செய்து தருவதாக எழுதிய தாளைச் சொரிமுத்துவிடம் நீட்டினார். "கையெழுத்துப் போடுங்கய்யா. வெள்ளிக்கிழமை காலைல நானே வந்து பாப்பேன்."

"சுடுறது யாரு?"

"காவலர்தான். விதி அப்படி."

சொரிமுத்து ஒவ்வொரு எழுத்தாக அழுத்திப் போட்டார்.

அன்று மத்தியானமே, வீட்டுக் கொல்லையில் மறுபடி போட்ட பட்டறையில், கடனுக்கு வாங்கிய லேத்தை வைத்து வேலையை ஆரம்பித்துவிட்டார். ஒரே உடம்பு, குழலையும் தோட்டா அடுக்கும் மேகசினையும் மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்ல எளிது. ஒரு தோட்டாவுக்காகச் செய்த இடம் இன்னொன்றுக்கு இடறும். நாற்பத்தைந்து குண்டு ஆசாமி. அவனுக்குத் தோதாக மேகசின் வாயை அகலமாக வெட்டினால் ஒன்பது உள்ளே லொடலொடவென்று ஆடுகிறது. ஒன்பதுக்குத் தோதாக வெட்டினால் நாற்பத்தைந்து நுழையவே மாட்டேனென்கிறது. பெரிசாகவே வெட்டி, மற்ற இரண்டுக்கும் உள்ளே சொருக ஒரு தகரக் கூடு செய்தார். அந்தக் கூட்டால் கனம் ஒரு கைப்பிடி கூடியது. கூடினால் கூடட்டும், சுமக்கப்போவது கொழுந்துதானே என்று நினைத்துக்கொண்டார்.

குழலைக் கழற்றிப் போட்டால் குறி விலகும். மயிரிழை விலகினாலும் நெற்றிக்குப் பதில் காதில் படும். மலைக்குக் காதில் பட்டால் பிடிக்காது. எனவே குறிபார்க்கிற பார்வையைக் குழலிலேயே பற்றவைத்தார். குழல் மாறினால் பார்வையும் கூடவே மாறும். மூன்று குழலுக்கும் மூன்று பார்வை, மூன்று தரம் வேலை. செய்தார்.

கடைசியில், குழலின் பின்வாயை மூடித் திறக்கும் போல்ட்டில் வந்து நின்றார்.

இந்த மாதிரிக் கார்பைனில் போல்ட்டுக்குப் பூட்டு கிடையாது. அதன் சொந்தக் கனம்தான் அதைப் பிடித்து நிறுத்துகிறது. வெடித்ததும் தோட்டா முன்னால் போகும், போல்ட் பின்னால் போகும். போல்ட் லேசாக இருந்தால் சீக்கிரம் திறந்து, காலித் தோட்டாக் கூடு முகத்துக்கு நேரே கிழியும். கனமாக இருந்தால் சோம்பல்பட்டுப் பாதிவழியில் நின்றுவிடும், அடுத்த தோட்டா ஏறாது. ஒன்பது ஒரு கனம் கேட்டது. நாற்பது உருவில் சிறிசு, குணத்தில் முரடு. நாற்பத்தைந்து உருவில் பெரிசு, ஆள் சாது. கடைசி இரண்டுக்கும் ஒரே கனம் போதும். ஆனால் அது ஒன்பதுக்குத் தாங்காது.

நடுத்தரமாக ஒரு கனம் வைக்கலாம். மூன்றும் சுடும், மூன்றும் கோணலாகச் சுடும். சொரிமுத்துவுக்கு அது ஒத்துவரவில்லை. போல்ட்டை ஒன்பதுக்கு ஏற்ற கனத்தில் கடைந்து, அதன் வயிற்றில் ஒரு துளை போட்டார். நடுப்பொத்தை வருவதற்கு முன்னால் அந்தத் துளையில் ஓர் உருக்குக் கட்டையை இறக்கினால் சரியாகிவிடும். கட்டைக்கு மரை போடலாமா என்று யோசித்தார். மரை போட்டால் வெடிக்கு வெடி தளரும், திருக நேரமும் பிடிக்கும். சரிவாகக் கடைந்து, சுத்தியலால் ஒரே அடியில் இறக்குகிற மாதிரிச் செய்தார். அடித்து இறக்கினது தளராது. கழற்ற வேண்டுமானால் பட்டறையில் கவ்வியில் பிடித்து, பின்னால் இருந்து அரைமணி நேரம் தட்ட வேண்டும். மேடையில் கழற்ற வேண்டிய அவசியம் இல்லை. சின்னப்பொத்தைதானே முதலில் வருகிறது.

வியாழக்கிழமை கொழுந்தைக் கூப்பிட்டுக் கைநீளம் அளக்க வேண்டி வந்தது. பின்கட்டை தோளுக்கும் விரலுக்கும் சரியாக இருக்க வேண்டும். கொழுந்து வந்து முற்றத்தில் நின்றார். சொரிமுத்து டேப்பை எடுத்துக்கொண்டு, மனைவி பேச்சித்தாயை நடுவில் நிறுத்தினார்.

"அந்த ஆளைக் கையை மடக்கச் சொல்லு."

"அண்ணாச்சி, கையை மடக்குவீங்களாம்."

"மடக்கியாச்சு மைனி. ஒங்க வீட்டுக்காரரு டேப்பை இந்த இறுக்கு இறுக்குதாரே, துப்பாக்கிக்கு அளக்காரா, பாடைக்கு அளக்காரா?"

"ரெண்டுக்கும் ஒரே அளவுதான்னு சொல்லு."

"கேட்டுச்சா அண்ணாச்சி?"

"கேட்டுச்சு மைனி. காது நல்லாத்தான் இருக்கு. போன தடவை கண்ணுதான் ஏமாத்திட்டு."

சொரிமுத்து டேப்பைப் பட்டென்று சுருளவிட்டார். பதினோரு வருஷமாக அவர் காத்திருந்த வார்த்தைக்கு இது கொஞ்சம் பக்கத்தில் வந்தது, ஆனால் அது இல்லை. "பதிமூன்றேகால் அங்குலம்" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டு உள்ளே போனார். பின்கட்டையைச் சரியாகப் பதிமூன்றேகாலுக்கே அறுத்தார். கால் அங்குலம் கூட்டி அறுத்திருந்தால் கொழுந்தின் தாடை ஒரு வாரம் வீங்கியிருக்கும். அந்த நினைப்பு அவருக்கு வந்தது. ரம்பத்தை வைத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தார்.

வெள்ளிக்கிழமை எட்டேகாலுக்கு மேடையில் மூன்று பேர் நின்றார்கள். கொழுந்தின் தோளில் புதுக் கார்பைன், ஒன்பது மில்லிக் குழல் மாட்டியது. சொரிமுத்துவின் காலடியில் மற்ற இரண்டு குழல்கள், மேகசின்கள், உருக்குக் கட்டை, சுத்தியல். ஜெசிந்தா மேடம் கையில் கோப்பு. தெற்குத்தெருக்காரர்கள் அவரவர் வாசலில் நின்று பார்த்தார்கள்.

எட்டரைக்கு முதலில் பெரியபொத்தை வந்தது.

"இன்னைக்கு இது முன்னால வருது" என்றார் ஜெசிந்தா மேடம். கோப்பில் குறித்துக்கொண்டார்.

சொரிமுத்து போல்ட்டைத் திறந்து கட்டையை வைத்தார். இப்போது இறக்கினால், கடைசியில் வரும் சின்னப்பொத்தைக்காகத் திரும்ப எடுக்க முடியாது. பெரியபொத்தை ஓடை தாண்டி முதல் வீட்டை நெருங்கியது. ஒரே அடியில் இறக்கினார். குழலை மாற்றி, தகரக் கூட்டை உருவி, நாற்பத்தைந்து மேகசினைச் சொருகினார். கொழுந்து சுட்டார். பொத்தை நின்றது. மறுபடி சுட்டார். பொத்தை திரும்பியது. போல்ட் வெண்ணெய் மாதிரிப் போய் வந்தது.

அடுத்து நடுப்பொத்தை. தகரக் கூடு மறுபடி உள்ளே போனது. நாற்பது. இரண்டு வெடி. மேடை அதிர்ந்தது, கட்டை அசையவில்லை. அதுவும் திரும்பியது.

சின்னப்பொத்தை கடைசியாக வந்தது. மற்ற இரண்டையும்விட அதற்கு நடை வேகம். சொரிமுத்து ஒன்பது மில்லிக் குழலை மாட்டினார். கொழுந்து சுட்டார். பொத்தை நின்றது. நின்ற இடம் ஏழாவது வீட்டு வாசல். அதன் சரிவில் இருந்த கள்ளிச்செடி பேச்சித்தாயின் கொடித்துணியைத் தொட்டுக்கொண்டிருந்தது.

போல்ட் பாதிவழியில் நின்றுவிட்டது. காலிக் கூடு வாயில் சிக்கி, பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. ஒன்பதின் வலு அந்தக் கனத்தைத் தள்ளக் காணாது. கையால் இழுத்துவிட்டால்தான் அடுத்தது ஏறும். ஆனால் கொழுந்து ஒரு கையைக்கூடத் துப்பாக்கியில் இருந்து எடுக்கக் கூடாது. பொத்தை அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

கொழுந்து கண்ணைக் குறியில் இருந்து எடுக்காமல் பேசினார். "இழும்வே."

சொரிமுத்து நின்றார். நடுவில் பேச்சித்தாய் இல்லை. அவள் வீட்டு வாசலில், பொத்தைக்குக் கீழே, ஒரு கையால் கொடித்துணியை இழுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னவே பாத்துட்டு நிக்கீரு? போகப்போறது ஒம்ம வீடு. நான் வடக்குத்தெருவுல்லா."

பொத்தையின் அடிப்பாறை லேசாக முனகியது. நின்றதை அது மறக்க ஆரம்பித்திருந்தது.

சொரிமுத்து இரண்டு விரலால் போல்ட்டின் கைப்பிடியைப் பற்றிக் கடைசிவரை இழுத்தார். காலிக் கூடு தெறித்துக் கொழுந்தின் சட்டைக் காலருக்குள் விழுந்தது. கொழுந்து துள்ளவில்லை. போல்ட் முன்னால் ஓடி அடுத்த தோட்டாவை அள்ளிக்கொண்டு மூடியது.

"சுடும்வே, வாயை மூடிக்கிட்டு" என்றார் சொரிமுத்து.

கொழுந்து சுட்டார். நெற்றியில் சரியாகப் பட்டது. சின்னப்பொத்தை கள்ளிச்செடியைத் துணியில் இருந்து விடுவித்துக்கொண்டு, மெல்லத் திரும்பி, மேற்கே நடந்தது.

பதினோரு வருஷம் பொத்திவைத்த மௌனம் இப்படிக் கைப்பிடி இழுக்கிற அவசரத்தில் வீணாகப் போனதற்கும் சேர்த்து, சொரிமுத்துவுக்குக் கொழுந்தின் மேல் இன்னும் கோபம் வந்தது.

"காலர்ல என்னமோ சுடுது" என்றார் கொழுந்து.

"சுடட்டும்."

ஜெசிந்தா மேடம் கோப்பைத் திறந்து, தீர்மானத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். "தெற்குத்தெரு தெருக்காரங்களுக்கே" என்று எழுதி, முத்திரையை ஊதிக் குத்தினார்.

அப்போது தெற்குத்தெரு எழுந்தது. முதல் வீட்டில் இருந்து நாற்பத்திரண்டாம் வீடு வரை வரிசை கலையாமல், சாக்கடையைத் தூக்கிக்கொண்டு, சின்னப்பொத்தைக்குப் பின்னால் மேற்கே நடந்தது. விளக்குக் கம்பங்கள் ஒயரை இழுக்காமல் கவனமாக வந்தன. ஏழாவது வீடு மேடையைத் தாண்டும்போது பேச்சித்தாய் வாசலில் நின்று ஈரத்துணியை உதறிக்கொண்டிருந்தாள்.

"மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்துருவீகளா?" என்று கேட்டாள்.

"நிக்குற எடத்தைச் சொல்லி அனுப்பு."

வீடு ஓடையில் இறங்கி அக்கரை ஏறியது. ஜெசிந்தா மேடம் எழுதியதன் கீழே இன்னொரு வரி எழுதினார்: "தெரு தற்போது ஊரில் இல்லை."

"முதுகுல சுடப்படாது" என்றார் கொழுந்து. "முன்னால போயித்தான் நிறுத்தணும்."

"தெரியும்வே."

சொரிமுத்து கார்பைனை அவர் தோளில் இருந்து வாங்கி மடியில் வைத்துக்கொண்டு மேடையில் உட்கார்ந்தார். தெருவுக்கு ஒன்பது காணாது. நாற்பது போட்டால் ஓடு நொறுங்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு குழல் வேண்டும். போல்ட்டைக் கழற்றிக் கையில் நிறுத்துப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துக் கட்டையைப் பின்னால் இருந்து தட்ட ஆரம்பித்தார்.