படம் எடுக்க முடியாத திருத்தம்

அந்த மென்பொருளுக்கு முதலாளி கிடையாது. அதனால் ஆளாளுக்கு நாட்டாமை. சின்ன ஆஸ்பத்திரிகளில் எந்தக் குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட்டார்கள் என்று பதிந்து வைக்கும் ஓப்பன் சோர்ஸ் சமாசாரம் அது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், யார் வேண்டுமானாலும் திருத்தலாம். திருத்துகிறவர்களுக்குச் சம்பளம் இல்லை. சம்பளம் இல்லாத இடத்தில் பேருக்காக எப்படி அடித்துக்கொள்வார்கள் என்பதை அந்தச் சனிக்கிழமை காலைக் கூட்டத்தில் பார்த்திருக்க வேண்டும்.

கம்ப்யூட்டர் திரையில் ஒன்பது முகங்கள். புதிய பதிப்பில் நூற்றுப் பன்னிரண்டு மாற்றங்கள். அதில் ஐந்தைப் பொறுக்கி, படத்தோடும் செய்தவர் பெயரோடும் அறிவிப்பின் தலையில் வைக்க வேண்டும். மீதி நூற்றேழும் அடியில் பொடி எழுத்தில் கிடக்கும். அந்தப் பொடி எழுத்தை எழுதியவளைத் தவிர யாரும் படித்ததாகச் சரித்திரம் இல்லை.

எழுதியவள் அந்த ஒன்பது முகங்களில் ஒருத்தி. பிழைப்புக்கு ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறாள். ஓய்வு நேரத்தில் இந்தக் குழுவுக்கு அறிவிப்பு எழுதுகிறாள். மற்ற எட்டுப் பேரையும் பற்றி அவளுக்குக் கடுகளவும் மரியாதை இல்லை. 'ஆமை' என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவனை மட்டும் கொஞ்சம் பொறுத்துக்கொள்வாள்.

காரணம் அவளுடைய அண்ணி. அண்ணி நர்ஸ். பதிவைச் சேமிக்கிற நேரம் பார்த்துக் கரண்ட் போனால், அன்றைய பட்டியல் மொத்தமும் காலி. இரண்டு தடவை அப்படி ஆகி அண்ணி அழுதிருக்கிறாள். ஆமை பதினொரு வாரம் உட்கார்ந்து, பிளக்கைப் பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்து அதைச் சரிசெய்துவிட்டான். ஆனால் ஆஸ்பத்திரிக் கம்ப்யூட்டரில் புதிய பதிப்பைப் போடுவது அண்ணி கையில் இல்லை. தலைமை அலுவலகத்துக் கம்ப்யூட்டர்காரர் முதல் ஐந்தை மட்டும் படிப்பார். வேண்டியது இருந்தால் போடுவார். இல்லையென்றால் ஆறு மாதம் கழித்து அடுத்த பதிப்பின்போதுதான் கண்ணைத் திறப்பார்.

"அந்த அஞ்சுல இதைப் போட்டுடும்மா" என்று அண்ணி செருப்பை மாட்டிக்கொண்டே சொல்லிவிட்டுப் போயிருந்தாள்.

"போடாம இருப்பேனா? முதல் வரியே அதான் அண்ணி."

கூட்டம் தொடங்கியது. திரையின் வெள்ளையைக் கறுப்புப் பின்னணியாக மாற்றியது முதலிடம். அதைச் செய்த 'சாயம்' தன் படத்தைத் தானே ரசித்துக்கொண்டான். இரண்டாவது, பொத்தான்களின் மூலைகளை உருட்டிவிட்டது. மூன்றாவது, திறந்தவுடன் "காலை வணக்கம்" சொல்வது. கையில் ஊசியோடு நிற்கிறவளுக்கு வணக்கம் ஒன்றுதான் குறைச்சல்! நான்காவது, குழந்தையின் பிறந்தநாளில் திரையில் பலூன் பறப்பது. குத்து வாங்கி அலறும் குழந்தைக்குப் பலூனாம். இதையெல்லாம் தலையில் தூக்கி வைத்து ஆடினார்கள்.

பிறகு ஆமையின் திருத்தம் வந்தது.

"இதுக்குப் படம் எங்கே?" என்றார் தலைவர். "படம் இல்லாததை மேல போடறதில்லையே நாம."

"கரண்ட் போனா ஒண்ணும் ஆகாதுங்க. அதான் திருத்தம்" என்றான் ஆமை. "ஒண்ணும் ஆகாததை எப்படிங்க படம் எடுக்கறது?"

"அதோட, இத்தனை நாளா பதிவு அழிஞ்சுதுன்னு நாமளே தம்பட்டம் அடிக்கணுமா?" என்றான் சாயம்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாயைத் திறப்பதற்குள் தலைவர் முந்திக்கொண்டார். "அஞ்சாவது இடத்துக்கு இன்னொண்ணும் இருக்கு. உங்க தேடுற பெட்டி. பேர்ல ரெண்டு எழுத்து அடிச்சா ஆள் வந்துடுது, படமும் அழகா இருக்கு. ஆமையோடதா இதான்னு ஓட்டு நாலுக்கு நாலு. உங்க கைதான் பாக்கி."

மூன்று மாதம் தானே படித்து, தட்டுத் தடுமாறி, அவள் வாழ்க்கையில் முதன்முதலாகச் செய்த நிரல் அது. "எழுத்துப் பிழை பாக்கறவளுக்கு இந்த வேலையெல்லாம் எதுக்கு?" என்று அண்ணன் சிரித்திருந்தான். அவன் கண் முன்னால் தன் பெயரை நீட்ட வேண்டும் என்று அவளுக்கு வெறியே வந்துவிட்டது. அவ்வளவுதான் விஷயம், பூசி மெழுக ஒன்றுமில்லை.

"ஆமையோடதை அடியில தடிச்ச எழுத்துல போட்டுடறேன்" என்று சொல்லித் தன் பெட்டிக்குக் கையைத் தூக்கினாள்.

"பரவாயில்லைங்க" என்றான் ஆமை.

அண்ணன் அறிவிப்பைப் பார்த்து அசந்து போனான். வேலை செய்கிற இடத்தில் எல்லோருக்கும் போனில் காட்டினான். அவள் இரண்டு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தாள்.

மூன்றாம் வாரம் ஒரு மாலை, அண்ணி போன் நம்பர்கள் எழுதிய ஒரு பழைய நோட்டோடு வீட்டுக்கு வந்தாள். மதியம் கரண்ட் போய்விட்டது. முப்பத்தெட்டுக் குழந்தைகள். எதற்கு எதைப் போட்டார்கள் என்று வீடு வீடாகப் போன் போட்டுக் கேட்க வேண்டும்.

"கம்ப்யூட்டர்காரர்கிட்ட சண்டை போட்டேன். அஞ்சையும் படிச்சாராம், நமக்கு வேண்டியது ஒண்ணும் இல்லையாம். நீ போடலியாம்மா?"

"ஓட்டுல போயிடுச்சு அண்ணி."

"எத்தனை ஓட்டுல?"

"ஒண்ணுல."

"எந்தப் பாவி அது? அதுக்குப் பதிலா எதைப் போட்டாங்க?"

அண்ணன்தான் கூடத்திலிருந்து பெருமையாகக் குரல் கொடுத்தான். "அஞ்சாவது இவளோடதுதானே! வேலை செய்ற இடத்துல எல்லாருக்கும் காட்டினேனே."

அண்ணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அண்ணி நோட்டைப் பிரித்து, போனில் முதல் எண்ணை அழுத்தினாள்.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து பேசறேங்க. உங்க குழந்தைக்கு இன்னிக்கு ஊசி எந்தக் கையில போட்டாங்க, ஒண்ணா ரெண்டான்னு ஞாபகம் இருக்கா?"