தண்ணீர் போகும் வழி

“உங்களுக்குப் பேச்சு வரும்ல?”

பெண் பார்க்க வந்த அன்று மாப்பிள்ளை அவளிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். கூடத்தில் இருந்தவர்கள் கொல்லென்று சிரித்துவிட்டார்கள். அவள் தலையை ஆட்டினாள். வரும் என்றுதான் ஆட்டினாள். ஆனால் வாயைத் திறந்து சொல்லவில்லை. அவளுடைய சித்தி இன்றைக்கும் கல்யாண வீடுகளில் இந்தக் கதையைச் சொல்லி நாலு பேரைச் சிரிக்க வைக்கிறாள்.

கல்யாணம் முடிந்த கையோடு அவன் வெளிநாட்டுக்குத் திரும்பிவிட்டான். அங்கே அவனுக்குக் கட்டடங்களுக்குப் பெயிண்ட் அடிக்கிற வேலை. அதன்பிறகு மூன்று வருஷம் அவர்கள் குடித்தனம் போனிலேயே நடந்தது. அவன் பேசுவான், இவள் ‘ம்’ கொட்டுவாள். கோபத்துக்கு ஒரு ‘ம்’, தூக்கத்துக்கு ஒரு ‘ம்’, என்னை எப்போது கூட்டிக்கொண்டு போவாய் என்பதற்கு ஒரு ‘ம்’. மூன்றையும் அவன் பிரித்துத் தெரிந்து வைத்திருந்தான். தெரிந்து என்ன செய்ய? அவன் இருந்தது ஐந்து ஆம்பிளைகள் சேர்ந்து தங்கிய ஒற்றை அறையில். பெண்டாட்டியை அழைத்துவர வேண்டுமானால் தனி வீடு வேண்டும். வெளியூர்க்காரனை நம்பி வீடு கொடுப்பவர் அங்கே குதிரைக்கொம்பு.

கடைசியில் ஒரு வீட்டுக்காரம்மா மனம் இறங்கினார். இரண்டாவது மாடி, ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு குளியலறை. சாவியைக் கொடுக்கும்போதே விரலை நீட்டிச் சொல்லிவிட்டார்: அக்கம்பக்கத்திலிருந்து ஒரு புகார் வந்தாலும் காலி செய்துவிட வேண்டும்.

“வீடு போச்சுன்னா நான் மறுபடி அந்த ரூமுக்குப் போயிடுவேன். நீ ஊருக்குத்தான் போகணும். திரும்பவும் போன்தான்,” என்று அவளை அழைத்துவந்த அன்றே அவன் சொன்னான். “அதனால சத்தம் போடாம இரு.”

சொன்ன பிறகுதான், யாரிடம் போய் இதைச் சொல்கிறோம் என்று அவனுக்கே சிரிப்பு வந்தது.

அவள் சத்தம் போடவில்லை. அவன் சாப்பாட்டு டப்பாவோடு கிளம்பிப் போன பிறகு ஒவ்வொரு சாமானாகத் தொட்டுத் தொட்டுப் பழகினாள். குழாயை இடது பக்கம் திருகினால் வெந்நீர். அடுப்பில் நெருப்பே கிடையாது. ஒரு கண்ணாடிப் பலகை, அதன்மேல் பாத்திரத்தை வைத்தால் அதுபாட்டுக்குக் கொதிக்கிறது. மாடிப்படிச் சுவரில் ஓர் இரும்புக் கதவு. திறந்து குப்பையைப் போட்டால் கடகடவென்று கீழே எங்கேயோ போய் விழுகிறது. அந்த ஊர்ப் பேச்சில் இரண்டு வார்த்தைகள் கற்றுக்கொண்டாள்: ‘ஆமாம்’, ‘நன்றி’. கடைக்கு அது போதும். மாடிப்படிக்கும் போதும்.

பகல் முழுக்க அவளுக்குத் துணை கீழ்வீட்டுத் தையல் மெஷின். அங்கே ஓர் அம்மா ஜன்னல் திரைகள் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். சித்தி வயதிருக்கும், உயரம் மட்டும் ஒன்றரைச் சித்தி. படியில் பார்த்தால் தலையை அசைப்பார், அத்தோடு சரி. ஆனால் அவருடைய மெஷின் தரை வழியாக நன்றாகப் பேசும். நீளத் தையலை ஒரே மூச்சில் ஓடும். ஓரம் திருப்பும் இடத்தில் நின்று நின்று யோசிக்கும். மதியம் அது ஓய்ந்தால் இவளும் தட்டை வைத்துக்கொண்டு சாப்பிட உட்காருவாள். அது மறுபடி தொடங்கினால் இவளும் எழுந்து கை கழுவுவாள். மனசுக்குள் அவருக்கு ‘மெஷின்காரம்மா’ என்று பெயர் வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமையானால் வீடு கழுவ வேண்டும். அதை அவளுக்கு யாரும் வந்து சொல்ல வேண்டியதில்லை. புடவைகளுக்கு நடுவே ஒரு தென்னந்துடைப்பத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துவந்தவள் அவள். “அங்க எல்லாம் கிடைக்கும்டி,” என்று சித்தி தலையில் அடித்துக்கொண்டதற்குக்கூட ‘ம்’ கொட்டிவிட்டுத்தான் வைத்தாள்.

சமையலறையிலும் குளியலறையிலும் வழவழவென்று பளிங்குத் தரை. வாளி வாளியாக ஊற்றித் துடைப்பத்தால் தேய்த்துத் தள்ளினாள். தண்ணீர் வெளியே போக ஓட்டை எதையும் காணவில்லை. ஆனால் குளியல் தொட்டிக்குப் பக்கத்தில், சுவர் ஓரமாக ஒரு மரச்சட்டம் ஓடியது. அங்கே தள்ளினால் தண்ணீர் சட்டத்துக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போய் மாயமாக மறைந்தது. என்ன கெட்டிக்காரத்தனம் என்று அவள் வியந்தாள். ஓட்டையைக்கூடக் கண்ணில் படாமல் வைத்திருக்கிறார்களே. இப்படியே சில வெள்ளிக்கிழமைகள் போயின.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் கடைசி வாளியைத் தள்ளிக்கொண்டிருந்தபோது கீழே மெஷின் பாதித் தையலில் நின்றது. ஓரம் திருப்புகிற நிற்றல் இல்லை, வெட்டென்று நின்றது. கொஞ்ச நேரத்தில் கதவைத் தட்டினார்கள்.

மெஷின்காரம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு வெள்ளைத் திரை. அதன் நடுவே தேநீர் சிந்தினது போல ஒரு பழுப்புக் கறை. மேலே காட்டினார், கீழே காட்டினார், படபடவென்று ஏதோ கேட்டார்.

“ஆமாம்,” என்றாள் அவள். அதற்குப் பிறகும் அவர் போகாததால், “நன்றி,” என்றாள்.

மெஷின்காரம்மா அவளைப் பார்த்த பார்வையில், நாம் ஏதோ பெரிய தப்பாகச் சொல்லிவிட்டோம் என்பது மட்டும் அவளுக்குப் புரிந்தது. அவர் இறங்கிப் போய்விட்டார். மெஷின் மறுபடி ஓடவில்லை.

சாயங்காலம் அவன் படியேறி வரும்போதே முகம் செத்திருந்தது.

“கீழ் வீட்டம்மா பிடிச்சு நிறுத்திட்டாங்க. கூரையிலேருந்து தண்ணி சொட்டுதாம். தச்சு வச்ச துணியெல்லாம் வீணாப் போச்சாம். நம்ம குழாய் எங்கயோ ஒழுகுது போல. ஞாயித்துக்கிழமை ஜெனரேட்டரை வரச் சொல்றேன். வீட்டுக்காரம்மா காதுக்குப் போறதுக்குள்ள சரி பண்ணிடணும்.”

“ம்,” என்றாள் அவள். அது எந்த ‘ம்’ என்று அவனுக்கே பிடிபடவில்லை.

ஜெனரேட்டர், அந்த அறையில் அவனோடு தங்கியிருந்தவர். அவர் விடுகிற குறட்டைக்கு வைத்த பெயர். பெயிண்ட் வேலைக்கு வருவதற்கு முன்னால் கொஞ்ச நாள் குழாய் வேலையும் பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை மூக்குமுட்டச் சாப்பிட்டுவிட்டு, குளியலறையில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்துப் பார்த்தார்.

“குழாயெல்லாம் கல்லு மாதிரி இருக்குடா மச்சான். ஒரு சொட்டு ஒழுகல.”

“அப்போ தண்ணி எங்கேருந்து போகுது?”

“சுவத்த உடைச்சுப் பாத்தாதான் தெரியும். வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லித்தான் ஆகணும்.”

அவள் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே வந்து வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் மொண்டு, மரச்சட்டத்தின் ஓரமாக ஊற்றினாள். தண்ணீர் உள்ளே போய் மறைந்தது.

“இப்படித்தான்,” என்றாள். “வெள்ளிக்கிழமை கழுவி விடுவேன்.”

இரண்டு பேரும் அவளையும் சட்டத்தையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

“இந்த ஊர்ல யாரும் தரையில தண்ணி ஊத்த மாட்டாங்க. ஈரத்துணியில துடைப்பாங்க,” என்றான் அவன் மெல்ல. “ஓட்டையே இல்லாம தண்ணி எங்க போகும்னு நெனச்ச?”

“ஒளிச்சு வச்சிருக்காங்கன்னு நெனச்சேன்.” அவள் சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். “அடுப்பு எரியுது, நெருப்பக் காணோம். குப்பை போகுது, எடுக்கிற ஆளக் காணோம். இதுவும் அப்படித்தான்னு…”

ஜெனரேட்டர் அண்ணன் படுத்த வாக்கிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “ஏன்டா, இத நீ மொதல்லயே சொல்ல மாட்டியா?”

“எனக்கே இப்பத்தானே உறைக்குது? நாம இருந்த ரூம என்னைக்காவது கழுவியிருக்கமா?”

“அதுவும் சரி. கழுவியிருந்தா நாமதான் மொதல்ல மாட்டியிருப்போம்.” அவர் எழுந்து உட்கார்ந்தார். “தங்கச்சி, நடந்தது நடந்துபோச்சு. குழாய் ஒழுகிச்சு, சரி பண்ணிட்டோம்னு சொல்லிடுவோம். நீ மட்டும் வாயத் தொறக்காத. உனக்கு அது கஷ்டமா என்ன?”

அவனும் தலையை ஆட்டினான். “அப்படியே விட்டுடு. உண்மையச் சொன்னா நம்மளக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க.”

அவளும் விட்டுவிடத்தான் பார்த்தாள். ஆனால் திங்கட்கிழமை காலை அவன் போன பிறகு வீடு வெறிச்சென்று கிடந்தது. கீழே மெஷின் ஓடவில்லை. மதியமும் ஓடவில்லை. தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்கு எப்போது சாப்பிடத் தொடங்குவது என்றே தெரியவில்லை. ஒருத்தர் பிழைப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட்டு மேலே உட்கார்ந்து சோறு தின்கிறோம் என்று தோன்றியது. தட்டை மூடி வைத்தாள். வாளியையும் துடைப்பத்தையும் எடுத்துக்கொண்டு கீழே இறங்கினாள்.

கதவைத் திறந்த மெஷின்காரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்தாரோ என்னவோ, துடைப்பத்தைப் பார்த்து ஓரடி பின்னால் போனார். அவள் காலி வாளியைக் கவிழ்த்து ஊற்றுவது போலக் காட்டினாள். குனிந்து, இல்லாத தண்ணீரைச் சுவரோரமாகத் தள்ளினாள். பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டி அங்கேயே நின்றாள். கண்ணீர் தாடையிலிருந்து வாளிக்குள் சொட்டியது.

மெஷின்காரம்மா அவள் கையிலிருந்து துடைப்பத்தை வாங்கிக் கதவுக்குப் பின்னால் சாத்திவிட்டு, அவளை உள்ளே கூட்டிப் போனார். அறைக்கு நடுவே மெஷின், மேலே பிளாஸ்டிக் தாள் மூடி. தரையில் இரண்டு சட்டிகள். கூரையில் ஒரு பெரிய பழுப்பு வட்டம். மெஷின்காரம்மா சட்டியில் இருந்ததை விரலால் தொட்டு, அதற்கு அந்த ஊர்ப் பேரைச் சொன்னார். அவள் திருப்பிச் சொன்னாள். தண்ணீர். அது அவளுடைய மூன்றாவது வார்த்தை.

பிறகு அவர் கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் காதில் வைத்துக் காட்டினார், கையை விரித்தார். போன் பண்ணியாகிவிட்டது. வீட்டுக்காரம்மாவுக்குத் தெரிந்துவிட்டது.

மெஷின்காரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு, கெட்டிலைக் காட்டி ஏதோ கேட்டார்.

“ஆமாம். நன்றி,” என்றாள் அவள். இந்தத் தடவை அது சரியான பதிலாக இருந்தது.

டீ குடித்த பிறகு இருவருமாக மெஷினைத் தூக்கி ஜன்னல் பக்கம், ஈரம் படாத இடத்தில் வைத்தார்கள். அன்று சாயங்காலம் மெஷின் ஓடியது.

அவன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னாள். இவ்வளவு நீளமாக அவள் பேசி அவன் கேட்டதில்லை.

“நீயா போய்ச் சொன்ன? தனியாவா?”

“ம்.”

திட்டப்போகிறான் என்று காத்திருந்தாள். அவன் சட்டைக் கையில் காய்ந்திருந்த பெயிண்டைச் சுரண்டிக்கொண்டே இருந்தான்.

“நாளைக்கு அந்தக் கூரைய அடிச்சுக் கொடுத்துடுறேன்,” என்றான் கடைசியில். “வீடு போனாலும் வேற பாக்கலாம். உன்ன அனுப்பிட்டு மறுபடி ஜெனரேட்டர் பக்கத்துல போய் என்னால படுக்க முடியாது.”

“அண்ணன் அவ்வளவு சத்தமா?”

“அவன் இல்ல. நீ இல்லாததுதான்.” சொல்லிவிட்டு அவன் சட்டென்று கை கழுவப் போய்விட்டான்.

மறுநாள் அவனும் ஜெனரேட்டர் அண்ணனும் கீழ்வீட்டுக் கூரையைச் சுரண்டி, காயவைத்து, வெள்ளை அடித்தார்கள். மரச்சட்டத்தின் அடியையும் அடைத்தார்கள். அவள் அந்தக் கறை படிந்த திரைகளை மெஷின்காரம்மாவோடு சேர்ந்து அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

புதன்கிழமை வீட்டுக்காரம்மா வந்தார். கூடவே ஒரு தாட்டியான ஆள், கையில் அளவு டேப். வந்ததும் வராததுமாக அந்த ஆள் படியின் அகலத்தை அளக்கத் தொடங்கினார்.

“வீடு பாக்க வந்திருக்கார்,” என்றான் அவன் தாழ்ந்த குரலில். அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தான். “சோபா ஏறுமான்னு பாக்கிறார்.”

அந்த ஆளைப் படியில் விட்டுவிட்டு மற்றவர்கள் மெஷின்காரம்மாவின் அறையில் நின்றார்கள். வீட்டுக்காரம்மா மேலே பார்த்தார். பெயிண்ட் வாசனையை முகர்ந்தார். அவனைப் பார்த்துச் சுருக்கமாக ஒன்று கேட்டார். அவன் பதில் சொல்வதற்குள் அவள் முன்னால் வந்துவிட்டாள்.

“தண்ணீர்,” என்றாள் அந்த ஊர்ப் பேச்சில். தன்னைத் தொட்டுக் காட்டினாள். மேலே காட்டினாள். “ஆமாம்.”

வீட்டுக்காரம்மாவின் விரல் எழுந்தது. சாவி கொடுத்த அன்று நீண்ட அதே விரல். அது நீளுவதற்குள் மெஷின்காரம்மா பேச ஆரம்பித்துவிட்டார். ஒன்றரைச் சித்தியின் உயரத்திலிருந்து அது மளமளவென்று கொட்டியது.

“என்ன சொல்றாங்க?” என்று அவள் அவன் கையைப் பிடித்தாள்.

“நமக்கு முன்னாடி மேல இருந்தவங்க டிரம் அடிப்பாங்களாம். அதுக்கு முன்னாடி இருந்தவங்க வீட்டுல மூணு நாயாம். இத்தனை வருஷத்துல மேல ஆள் இருக்கிறதே தெரியாம இருந்தது இப்பத்தானாம்.” அவன் காதைத் தீட்டிக் கேட்டான். “இப்ப உன் வாளியக் காட்டிக் கேக்குறாங்க. ‘இந்தப் பொண்ணு தண்ணி ஊத்தினா, சரி. தண்ணி போக வழியே வைக்காம வீடு கட்டினது யாரு?’ன்னு.”

வீட்டுக்காரம்மா கூரையைப் பார்த்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த திரைகளைப் பார்த்தார். அவளையும், அவள் பிடித்திருந்த அவன் கையையும் பார்த்தார். நீட்டிய விரல் தானாக மடங்கியது.

வெளியே வந்து, படியில் மண்டி போட்டிருந்த ஆளின் தோளைத் தட்டி, அளந்தது போதும் என்பதுபோலக் கீழே கையைக் காட்டினார். அவர் விட்ட டேப் ‘சர்’ரென்று பெட்டிக்குள் சுருண்டது. அவர் முன்னால் இறங்கினார். வீட்டுக்காரம்மா கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவர் பின்னாலேயே இறங்கிப் போனார்.